எப்காட் உணவுத் திருவிழாவுக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஆகஸ்ட் இறுதி முதல் நவம்பர் வரை உணவு, ஒயின் திருவிழா நடக்கும். அங்குள்ள ஏரியைச் சுற்றி மெக்சிகோ முதல் கனடா வரை 11 நாடுகளின் அரங்குகள், இடையிடையே சிறு உணவுக் கடைகள். வார இறுதி மாலைகளில் உள்ளூர்க்காரர்களும் திரண்டுவிடுவதால் கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில், ஏரிப் பகுதி திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பெரும்பாலும் அது காலை 11 மணி.

தட்டுகள் சிறியவை, விலை அப்படியல்ல. இருவராகப் போனால் ஆளுக்கொரு வரிசையில் நின்று, வாங்கியதைப் பகிர்ந்து உண்பதே புத்திசாலித்தனம். நேரமும் மிச்சம், வயிற்றிலும் இடம் இருக்கும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடா கடையின் செடார் சீஸ் சூப் மஞ்சளாக, கெட்டியாக, பிரெட்ஸல் ரொட்டியுடன் வரும். பார்த்தால் பாலாடைக் கட்டி மட்டுமே என்று தோன்றும். அதில் பன்றி இறைச்சியும் உண்டு. எதையும் கேட்டு வாங்குங்கள்.

மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. புளோரிடா வெயிலில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்: குளிர்பானம் ஊற்றித் தரும் துரித உணவகங்களில் ஐஸ் தண்ணீர் இலவசம். 'கிளப் கூல்' கடையில் கோக கோலா நிறுவனத்தின் பல நாட்டுப் பானங்களையும் இலவசமாகச் சுவைக்கலாம். இத்தாலியின் 'பெவர்லி' மட்டும் கடுங்கசப்பு. நண்பருக்கு முதலில் கொடுத்து அவர் முகத்தைப் பாருங்கள்!