கிளாஸ்கோ வருகிறவர்களுக்கு: மஃப்ளர் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்

இறங்கியதும் செய்ய வேண்டியதெல்லாம் தெரிந்ததுதான்: இ-விசா கணக்கைச் சரிபார்ப்பது, டாக்டரிடம் பதிவது, வங்கிக் கணக்கு. வீட்டு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள், ஸ்காட்லாந்தில் சட்டமே அதுதான். பத்து மாசம் கொடுத்துப் பழகிய நமக்கு நம்பக் கஷ்டம். சரி, அதெல்லாம் எப்படியோ நடந்துவிடும்.

நான் மாட்டியது மஃப்ளரில். குளிர் தாங்காமல் பழைய துணிக் கடையில் பச்சை வெள்ளைப் பட்டை போட்ட ஒன்றை இரண்டு பவுண்டுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு அறை பார்க்கப் போனேன். போனில் தேனாகப் பேசியவர், என் கழுத்தைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ரேஞ்சர்ஸ் படம். மூன்று வாரம் நண்பன் வீட்டுத் தரையில் படுத்தேன்.

பச்சை செல்டிக், நீலம் ரேஞ்சர்ஸ். இரண்டும் இந்த ஊரின் பரம எதிரிக் கால்பந்து அணிகள். "எந்த டீம்?" என்பது எப்போதும் பந்து பற்றிய கேள்வி இல்லை. நம்மூரில் "எந்தத் தெரு?" என்று இழுப்பார்களே, அதே விசாரணை. இங்கே தெரிய வேண்டியது, கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா. செல்டிக் என்றால் முன்னது, ரேஞ்சர்ஸ் என்றால் பின்னது என்று கணக்கு.

கிடங்கில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் வழி சொன்னார்: "குயின்ஸ் பார்க் என்று சொல்லிவிடு." இந்த ஊரின் இன்னொரு கால்பந்து அணி அது, இரண்டு பக்கமும் சேராதது. கூடவே அதில் ஆடிய ராபர்ட் ஸ்மித் மெக்கோல் என்ற பழைய ஆட்டக்காரரின் கதையையும் சொன்னார். 1900இல் செல்டிக் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல். ஸ்காட்லாந்து 4-1 என்று ஜெயித்தது. நாட்டுக்காக 13 ஆட்டம், 13 கோல். குயின்ஸ் பார்க்கில் காசு வாங்காமல் ஆடியவர், 1901இல் இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்குப் போய்ச் சம்பளக்காரர் ஆனார், 1904இல் ரேஞ்சர்ஸ். சம்பளம் வாங்கியவரைத் திரும்பச் சேர்க்காத குயின்ஸ் பார்க், 1907இல் இவருக்கு மட்டும் கதவைத் திறந்தது. இதற்கிடையே சகோதரரோடு மிட்டாய்க் கடை வேறு. பட்டப்பெயரே 'டாஃபி பாப்'. அந்தக் கடைதான் பெருகி ஊரெங்கும் ஆர்.எஸ். மெக்கோல் பலகையானது. அங்கே எத்தனை தடவை பால் வாங்கியிருப்பேன், அது ஒரு ஃபார்வர்டின் பெயர் என்று யாருக்குத் தெரியும்!

இப்போது யார் கேட்டாலும் குயின்ஸ் பார்க்தான். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பச்சை மஃப்ளர் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது தம்பிக்குக் கொடுத்துவிடலாம். அங்கே கட்டினால் காய்ச்சலா என்றுதான் கேட்பார்கள்.