பட்டத்துக்கு முன்பே பேச்சு: மாடித்தோட்டக் குழுவின் மாதக் கூட்டத்தை நடத்தும் முறை

மாடித்தோட்டக் குழுவின் மாதக் கூட்டத்துக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்னர்ப் பட்டக் கணக்கை, அதாவது விதைப்புப் பருவங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆடிப்பட்டம் ஜூலை நடுவில் தொடங்குவதால், மண்கலவை, விதைப்பு ஆகியவை பற்றிய பேச்சை ஆனி மாதத்திலேயே வைத்துவிட வேண்டும். ஆடி கடந்தபின் எவ்வளவு சிறந்த பேச்சாளர் வந்தாலும், கேட்டவர்கள் அதைச் செய்துபார்க்கத் தைப்பட்டம் வரை காத்திருக்க நேரும். மாவுப்பூச்சியும் செம்பேனும் வெயிலில் பெருகுபவை என்பதால், அவற்றைப் பற்றி மாசியிலேயே பேசிவிடுவது நல்லது.

பேச்சாளரைத் தேடுவது கடினமன்று. வேளாண் அறிவியல் நிலையங்களில் தோட்டக்கலை வல்லுநர்கள் இருக்கிறார்கள். 1974இல் நாட்டின் முதல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட காலம் முதலே பயிற்சி அளிப்பது இவற்றின் முதன்மைப் பணிகளில் ஒன்றாக இருந்துவருகிறது. அழைப்புக் கடிதத்துடன் உறுப்பினர்களின் கேள்விகளையும், மாடியில் வெயில் விழும் நேரத்தையும், ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரா என்பதையும் எழுதி அனுப்புங்கள். வயலுக்கான பொதுவான அறிவுரை தொட்டிச் செடிக்கு அப்படியே பொருந்தாது.

பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. மீதி நேரம் முழுவதும் செய்முறைக்கு உரியது. ஏனெனில், கையால் செய்து பார்த்ததைத்தான் உறுப்பினர்கள் வீட்டிலும் செய்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பூச்சி பற்றிய கூட்டத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தயாரித்துக் காட்டலாம். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது சோப்புக் கரைசலைச் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் கிடைத்துவிடும். முதல் நாள் இரவே ஒரு பாத்திரத்தில் ஊறவைத்து எடுத்துவந்தால், இடிப்பதிலிருந்து தெளிப்பது வரை ஒரே அமர்வில் காட்ட முடியும். கரைசலில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும் என்பதையும், பூச்சிகள் ஒளிந்திருக்கும் இலையின் அடிப்புறம் நனைய வேண்டும் என்பதையும் செடியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்குங்கள். இதற்குத் தேவையான வேப்பம்பழங்கள் ஆனி, ஆடி மாதங்களில் உதிரும்போதே அவற்றைப் பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் உலர்த்திச் சேமிக்கும் பொறுப்பைச் சிலரிடம் ஒப்படைத்துவிடலாம்.

கூட்டத்தின் முடிவில் விதைப் பரிமாற்றம் நடக்கட்டும். வீரிய ஒட்டு ரகங்களின் விதை தாய்ச்செடியைப் போலவே விளையாது என்பதால், நாட்டு ரகங்களை மட்டுமே ஏற்க வேண்டும். பூசணி, சுரை போன்றவற்றில் அயல் மகரந்தச் சேர்க்கை எளிதில் நிகழ்ந்து, விதையில் வேறு ரகம் கலந்துவிடும். ஆகவே, புதியவர்கள் தக்காளி, அவரை விதைகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு உறையிலும் ரகத்தின் பெயரும் விதை எடுத்த மாதமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத உறையைப் பரிமாற்றத்துக்கு ஏற்காதீர்கள்.