ஷேவிங் செட்டு வாங்கப் போகிறீர்களா? நாகர்கோவில் கடைத்தெருவே போதும்

கனமான ஸ்டீல் ரேசர், மரப்பிடி பிரஷ், கிண்ணம் நிறைய வெண்ணெய் போல நுரை. யூடியூபில் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆன்லைனில் தேடினால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குப் பெட்டி பெட்டியாக வந்து நிற்கும். அதைத் தொடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் காலையில் கிணற்றடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டிவைத்துச் செய்த சவரம்தான் அது. அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் இன்றைக்கும் குமரி மாவட்டத்துச் சாதாரணக் கடைகளில் கிடைக்கிறது. ஒரே கடையில் கிடைக்காது, அவ்வளவுதான். எதை எங்கே, எப்படிச் சொல்லிக் கேட்பது என்று தெரிந்தால் அரை நாளில் முடிகிற வேலை.

வாங்க வேண்டியவை: இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு மாட்டுகிற ரேசர், பிளேடு, பிரஷ், பிரஷ்ஷில் நுரைக்கிற கிரீம், சவரம் முடிந்து தடவப் படிகாரம். கிண்ணம் வீட்டிலேயே இருக்கிறது. ஆஃப்டர் ஷேவ் லோஷன் இல்லாமலும் வாழலாம்.

பணத்தை எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்துச் செலவழிக்காதீர்கள். ரேசருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம். மற்றதெல்லாம் மலிவாகவே இருக்கட்டும்.

படி 1: சூப்பர் மார்க்கெட்டில் குனிந்து பாருங்கள்

எம்ஆர்பியில் தள்ளுபடி தருகிற பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். சவரச் சாமான் அடுக்கில் கண்ணுக்கு நேராகத் தொங்குவது மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ்களும் (பிடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் தலை) ஃபோம் டப்பாக்களும்தான். விலை கூடியதைக் கண்ணுக்கு நேரே வைப்பது கடைக்காரர் வழக்கம். நமக்கு வேண்டியது கீழ்த்தட்டில், ஓரத்தில் கிடக்கும். ஐந்து பிளேடு கொண்ட சின்னப் பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் பில் போடுகிற இடத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், எளிதில் சட்டைப்பைக்குள் போய்விடும் என்பதால். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

இங்கே வாங்க வேண்டியது கிரீம் மட்டும். கோத்ரெஜ், பாமாலிவ், ஓல்ட் ஸ்பைஸ், விஜான் என்று டியூபில் வருகிற எதுவும் தொடக்கத்துக்குப் போதும். டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இரண்டும் இருந்தால் பிரஷ்ஷில் நன்றாக நுரைக்கும். ‘பிரஷ் தேவையில்லை’ என்று எழுதியிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஃபோம், ஜெல் டப்பாக்களும் நமக்கு வேண்டாம்.

‘குளிக்கிற சோப்பே போதாதா, அதுவும் நம்மூரில் கையால் செய்கிற தேங்காயெண்ணெய் சோப்பு இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தேங்காயெண்ணெய் சோப்பு சட்டென்று பொங்கிப் பெரிய பெரிய குமிழாக வரும், அதே வேகத்தில் அடங்கியும் போகும். பாதிக் கன்னம் முடிப்பதற்குள் முகம் காய்ந்துவிடும். ஸ்டியரிக் அமிலம் சேர்ந்த சோப்பில்தான் நுரை சிறு குமிழாகக் கட்டி நிற்கும்.

விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீமுக்கும் ஆஃப்டர் ஷேவ் லோஷனுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அடுக்கில் பழைய எம்ஆர்பி அச்சிட்ட டியூப் கிடந்தால் பில்லில் என்ன விலை விழுகிறது என்று கவனியுங்கள். ‘கிரீம் வாங்கினால் ரேசர் இலவசம்’ என்ற கட்டுகளில் இருப்பது ஏறக்குறைய எப்போதும் கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். ரேசரைச் சும்மா கொடுத்து கார்ட்ரிட்ஜில் காசை எடுக்கிற வியாபாரம். ஒரு கார்ட்ரிட்ஜே நூறு ரூபாயைத் தாண்டும் கணக்கும் உண்டு.

மிலிட்டரி கேன்டீன் கார்டு உள்ளவர் வீட்டில் இருந்தால் கிரீமை அங்கேயே வாங்கிவரச் சொல்லலாம். பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய உள்ள மாவட்டம் இது. பட்டாளத்தில் தினமும் முகம் மழிக்க வேண்டும், ஆகவே பழைய பிரஷ்ஷும் செட்டும்கூட அந்த வீடுகளில் கிடக்க வாய்ப்பு அதிகம். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

படி 2: ரேசர்

சூப்பர் மார்க்கெட்டில் இது பெரும்பாலும் இருக்காது. பழைய ஃபேன்சி ஸ்டோர், ஸ்டேஷனரி கடை, சலூன்காரர்கள் சாமான் எடுக்கிற கடை, இந்த மூன்றிலும் தேட வேண்டும். நாகர்கோவிலில் மீனாட்சிபுரம், வடசேரி பக்கம் நடந்தால் போதும். மேற்கே இருப்பவர்கள் மார்த்தாண்டம் சந்தையையும் தக்கலைக் கடைத்தெருவையும் பார்க்கலாம். கண்ணாடி அலமாரி தூசி படிந்திருக்கிற கடையாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தலைமுறைக்கு முந்திய சரக்கு அங்கேதான் விற்காமல் இருக்கும்.

சலூன் சாமான் கடை தெரியவில்லையென்றால் நீங்கள் முடி வெட்டுகிற சலூனில் கேளுங்கள். எங்கே மொத்தமாக எடுக்கிறார் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

‘சேஃப்டி ரேசர்’ என்று கேட்டால் கடைக்காரர் கார்ட்ரிட்ஜை எடுத்து நீட்டுவார். இப்படிக் கேளுங்கள்:

“அண்ணாச்சி, பிளேடு மாட்டுற ஷேவிங் செட்டு இருக்கா? பிளாஸ்டிக் வேண்டாம்.”

“இப்பம் இதை யாரு மக்கா கேக்கா?” என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்குவார். அவசரமில்லாமல் பாருங்கள்.

முதலில் கழற்றுங்கள். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழன்றால் அதுவே புதியவருக்குச் சிறந்தது. கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை, கழுவுவதும் எளிது. கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்கதவு இரண்டும் சிறகு போல விரிகிற வகையும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் மலிவு விலையில் வருவதில் கதவு நேராக மூடாது.

அடுத்து, கடையிலேயே ஒரு பிளேடு வாங்கி மாட்டிப் பாருங்கள். ரேசரை கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் பிளேடின் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் மூடியைத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் வேண்டாம். என்ன தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம். சவரத்தில் கீறல் விழ இந்தக் கோணலும் ஒரு காரணம்.

மூன்றாவது, காந்தம். சாவிக்கொத்திலோ பழைய ஸ்பீக்கரிலோ இருக்கிற சின்னக் காந்தத்தைத் தலைப்பகுதியில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் மேல்பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறும். பித்தளையும் துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது.

பிளாஸ்டிக் பிடி ரேசர் நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். உலோகத்தில் இருநூறு முதல் ஐந்நூறு வரை சொல்வார்கள். வாங்குங்கள். தலை உலோகமாக இருந்தால் போதும் என்று பிடியில் விட்டுக்கொடுக்கலாம், தலையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் தலை இறுக்கும்போது வளையும்.

படி 3: பிளேடு

இதற்கு அலையவே வேண்டாம். முக்குக் கடையில், பெட்டிக்கடையில், அட்டையில் கோத்துத் தொங்குகிறது. செவன் ஓ கிளாக், வில்கின்சன் ஸ்வார்டு, டோபாஸ், சூப்பர்மேக்ஸ், எந்தக் கம்பெனி பிளேடும் எந்த ரேசரிலும் உட்காரும். கார்ட்ரிட்ஜுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் இந்த மாதிரி ரேசரை விற்கத் தொடங்கிய 1903ஆம் ஆண்டு மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றன. பேட்டன்ட் கிடைத்தது 1904இல். அந்தக் காப்புரிமைகள் காலாவதியாகி நெடுங்காலம் ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் பிளேடு செய்யலாம், போட்டியில் விலை ஏறாமல் கிடக்கிறது.

எது நல்ல பிளேடு என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவருக்கு வழுக்கிக்கொண்டு போவது இன்னொருவர் கழுத்தை எரியவைக்கும். பென்சில் சீவவும் தையல் பிரிக்கவும் ஒற்றை பிளேடாக விற்கிற பெட்டிக்கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே நாலு கம்பெனியில் ஒவ்வொன்று வாங்கி ஒரு மாதம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிடித்தது தெரிந்த பிறகு மொத்தக் கடையில் முழு அட்டையாக எடுக்கலாம். ஸ்டெயின்லெஸ் அல்லது பிளாட்டினம் என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். ஒரு பிளேடு மூன்று முதல் ஐந்து சவரம் வரை வரும். இழுக்கத் தொடங்கினால் தூக்கிப் போடுங்கள், இரண்டு மூன்று ரூபாய்க்காக முகத்தைப் பிய்க்க வேண்டாம்.

பாக்கெட்டில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், கம்பெனி முகவரி மூன்றும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரபலமான பெயரில் எழுத்து ஒன்று மாறியிருக்கிற பாக்கெட்டுகளும் சந்தையில் உலவுகின்றன.

படி 4: பிரஷ், இதுதான் சிரமம்

ஃபேன்சி ஸ்டோரில் முப்பது ரூபாய் பிரஷ் கிடைக்கும். முதல் நாளே முகமெல்லாம் முடி உதிர்க்கும். வாங்கும் முன் முடிக்கற்றையைப் பிடித்து இரண்டு மூன்று தடவை லேசாக இழுங்கள். கையோடு நாலைந்து முடி வந்தால் திருப்பிக் கொடுங்கள். இந்த விஷயத்தில் சலூன் சாமான் கடைதான் நம்பகமானது. தினமும் எத்தனையோ முகத்தில் தேய்க்கிற பிரஷ் உதிர்ந்தால் அவர்கள் பிழைப்பு நடக்காதே.

பழைய பிரஷ்களில் பெரும்பாலும் பன்றி முடி இருக்கும். உபயோகிக்கும் முன் ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால்தான் மென்மையாகும், முதல் சில நாள் வாடையும் அடிக்கும். பன்றி முடி வேண்டாதவர்கள் நைலான் என்று கேட்டு வாங்குங்கள். ஊறவைக்கும் வேலை இல்லை, சீக்கிரம் காய்ந்தும் விடும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம்மூரில் இது சின்ன விஷயமில்லை. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஈர பிரஷ்ஷைக் குளியலறை அலமாரிக்குள் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். உதறிவிட்டு ஜன்னலோரம் வையுங்கள்.

படி 5: படிகாரம்

கோட்டாறு கம்போளம் (சந்தை) பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. படிகாரம் என்றோ சீனாக்காரம் என்றோ கேளுங்கள். பொடி வேண்டாம், கட்டியாக, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு. விலை அற்பம், வருடக்கணக்கில் வரும். முனைகள் கூர்மையாக இருக்கும் என்பதால் ஈரமான கல்லில் உரசி மழுக்கிவிடுங்கள். சவரம் முடிந்து முகம் ஈரமாக இருக்கும்போதே ஒரு தடவு தடவி, ஒரு நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். எங்கே சுள்ளென்கிறதோ அங்கே அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த நாள் அந்த இடத்தில் கை தானாக லேசாகும்.

படி 6: சிரட்டை

நுரை கலக்கத் தனிக் கிண்ணம் வாங்காதீர்கள். கண் இல்லாத பாதிச் சிரட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து எடுங்கள். உட்பக்கச் சொரசொரப்பில் நுரை வேகமாகக் கட்டும். வாரம் ஒரு தடவை வெயிலில் காயவைக்க வேண்டும். சோம்பல் என்றால் எவர்சில்வர் கிண்ணம்.

படி 7: முதல் சவரம்

குளித்த கையோடு ஆரம்பியுங்கள், முடி இளகியிருக்கும். பிரஷ்ஷை நன்றாக உதறி, பட்டாணி அளவு கிரீமைச் சிரட்டையில் வைத்துச் சுற்றுங்கள். துளித்துளியாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் நுரை விழாத பதம் வர வேண்டும். முக்கடல் அணையிலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் இது சட்டென்று வரும். கரிப்புத் தட்டும் போர் தண்ணீரில் எவ்வளவு சுற்றினாலும் திரிந்தாற்போல இருக்கும். கிரீமைக் குறை சொல்லாமல் குடிக்கிற தண்ணீரில் ஒரு கப் எடுத்துச் செய்து பாருங்கள்.

முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்தப் போக்கிலேயே ரேசரை விடுங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பும். கைப்பிடி முகத்தோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அழுத்தவே கூடாது. ரேசரின் எடையே வேலையைச் செய்யும், உலோகத் தலை வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் அதுதான். ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக இழுங்கள். முதல் வாரம் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். கை பழகிய பிறகு மறுபடி நுரை தடவி, குறுக்காக இரண்டாம் சுற்று போகலாம்.

முடிந்ததும் ரேசரைக் கழற்றிக் கழுவி உதறிவையுங்கள். பிளேடின் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும், விரலும் போகும்.

தேய்ந்த பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். மூடி உள்ள ஒரு தகர டப்பாவில் மேலே சின்னக் கீறல் போட்டு, அதன் வழியாக உள்ளே தள்ளிவிடுங்கள். குப்பை பிரிக்கிற தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையை விட்டுத்தான் பல நேரம் கிளறுகிறார்கள். டப்பா நிறைய வருடங்கள் ஆகும். நிறைந்ததும் கீறலை டேப் போட்டு ஒட்டி, உள்ளே பிளேடு என்று சொல்லி, ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கொடுத்துவிடலாம்.