கார் ஸ்பார்க் பிளக்: எப்போது மாற்றுவது, எதை வாங்குவது, எப்படிப் போடுவது

காலையில் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்த பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். மேம்பாலம் ஏறும்போது வண்டி விட்டு விட்டு இழுக்கிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. பெட்ரோல் காரில் இதெல்லாம் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது, பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான். டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

ஆனால் இந்தத் தொல்லைகள் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 முறை பொறி விடுகிறது. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் 40,000 கி.மீ. ஓட 1,000 மணி நேரம் ஆகும். அதாவது ஒரே பிளக் 6 கோடி முறை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்கிறது. நுனி தேயத் தேய, பொறி தாண்டும் இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி கூடும். கூடிய இடைவெளியைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் இன்னும் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டும். நாம் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காயில் திணற ஆரம்பித்திருக்கும். ஒரு காயில் விலையில் ஒரு செட் சாதாரண பிளக்கே வாங்கிவிடலாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்தால் செலவு அதையும் தாண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பதுதான் முதல் பதில். பொதுவாக, சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. தாங்கும். பிளாட்டினம் 60,000-க்கு மேல் போகும், நல்ல இரிடியம் ஒரு லட்சம் வரைகூட வரும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டி என்றால் இதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த வாயுவைப் பற்ற வைக்க அதிக வோல்டேஜ் தேவை.

இரிடியம் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் நடு முனையில் மட்டும்தான் இரிடியம் இருக்கும், எதிரே வளைந்திருக்கும் முனை வெறும் நிக்கல். அது ஒரு லட்சம் தாங்காது.

எதை வாங்குவது?

விலையைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கையேட்டில் ஒரு பிளக் எண் இருக்கும். எடுத்துக்காட்டாக, என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6ஈ-11. இதில் பி என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ. கே என்பது 16 மி.மீ. சாக்கெட் பிடிக்கும் வகை. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும், எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவின் கணக்கிலும் குழப்பம் வரும். ஈ என்பது மரையின் நீளம், 19 மி.மீ. கடைசி 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி.

நடுவில் இருக்கும் 6-தான் வெப்ப எண். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சுமார் 870 டிகிரியைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதுதான் அந்த எண்ணின் வேலை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷ் கம்பெனியில் இது தலைகீழ், எண் கூடினால் சூடானது. ஒரு கம்பெனியின் 6-ஐ இன்னொரு கம்பெனியின் 6 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். என்ஜிகே 6-க்கு டென்சோவில் இணை 20.

நிக்கல் பிளக் வந்த வண்டிக்கு அதே அளவில், அதே வெப்ப எண்ணில் இரிடியம் போடலாமா? போடலாம், அடிக்கடி மாற்றும் வேலை குறையும். இழுவை கூடும் என்று நம்பிப் போட வேண்டாம். இரிடியத்தோடு வந்த வண்டிக்குச் செலவு மிச்சம் என்று நிக்கல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போலிகள் நிறைய வருவதால் கம்பெனி டீலரிடமோ நம்பிக்கையான ஸ்பேர்ஸ் கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

தேவையானவை: ராட்செட், நீட்டிப்புக் கம்பி, உள்ளே ரப்பர் இருக்கும் பிளக் சாக்கெட், காயிலின் போல்ட்டுக்கு 10 நம்பர் சாக்கெட், முடிந்தால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்). பிளக் சாக்கெட் பல கார்களுக்கு 16 மி.மீ., சில புதிய வண்டிகளுக்கு 14, பழையவற்றுக்கு 21.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலை செய்வது நல்லது. பிளக் மாட்டியிருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும்.

1. காயிலின் வயர் கனெக்டரைப் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை லேசாகத் திருகி நேராக மேலே தூக்குங்கள்.

2. குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மண், தூசி இருந்தால் காற்று அடித்து வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தொட வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் மேலே உள்ள சீல் கசிகிறது என்று அர்த்தம், அதையும் சரி செய்தாக வேண்டும்.

3. சாக்கெட்டை நேராக இறக்கிப் பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு சிலிண்டரை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றியதை வரிசை மாறாமல் அடுக்கி வையுங்கள்.

பழைய பிளக்கைக் கொஞ்சம் பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நுனி வெளிர் பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. வெளேரென்று, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் அதிகச் சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். வரிசையாக அடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதியதைப் போடுதல்

பெட்டியிலிருந்து எடுத்ததும் வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். கீழே விழுந்த பிளக்கைப் போட வேண்டாம். நிக்கல் பிளக்கில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு இடைவெளியைச் சரி பார்க்கலாம். இரிடியத்தின் நுனி ஊசி மாதிரி மெல்லியது. அதை நெம்பவோ கம்பி பிரஷால் தேய்க்கவோ கூடாது.

அப்புறம், முதல் சுற்றுகளைக் கையால் மட்டும்தான் திருக வேண்டும். எங்கள் அக்காவின் காருக்கு ஒரு கடையில் பிளக்கை வைத்த கையோடு ராட்செட்டைப் போட்டுத் திருகினார்கள். மரை கோணலாக ஏறி, ஹெட்டையே கழற்றிப் புது மரை வைக்க வேண்டியதாயிற்று. அரை முழம் ரப்பர் குழாயின் முனையில் பிளக்கைச் செருகி, குழாயை விரலால் சுற்றி இறக்குங்கள். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். கோணலாக ஏறினால் பிளக் நின்றுவிடும், குழாய் மட்டும் சுற்றும். உடனே வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

கையால் திருகி அடி தட்டிய பிறகு டார்க் ரெஞ்ச். 14 மி.மீ. மரைக்கு என்ஜிகே சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புது பிளக்குக்கு அடி தட்டியதிலிருந்து அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குள். மரைக்குக் கிரீஸ் தடவ வேண்டாம். தடவினால் நமக்குத் தெரியாமலே அளவுக்கு மீறி இறுகிவிடும்.

காயிலை அழுத்தி உட்கார வைத்து, போல்ட் போட்டு, கனெக்டர் 'டிக்' என்று பூட்டும்வரை தள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்து பார்த்தல்

எல்லாம் மாட்டியதும் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட விடுங்கள். அதற்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் முதலில் கனெக்டர்களை மறுபடி அழுத்திப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் பழைய பிழை எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் கெட்டது அந்தக் காயில். மறுபடியும் பி0302-தான் என்றால் இரண்டாவது பிளக்கை வெளியே எடுத்து, பீங்கானில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான்.