கலைச் செய்தி எழுதப் படிக்கிறீர்களா? பட்டறைக்குப் போங்கள்

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதை இப்போது ஊரே நேரலையில் பார்த்துவிடுகிறது. யார் என்ன பாடினார் என்று மறுநாள் எழுதினால் யார் படிப்பார்கள்? கலை இதழியல் படிக்கிற தம்பி, தங்கைகள் கேமரா போகாத இடத்துக்குப் போகலாம்.

கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் இந்த ஊருடையது. ஆச்சா மரத்தில் கடைகிறார்கள்; அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்த மரம்தான் வேண்டும். பட்டறையில் அரை நாள் உட்காருங்கள். மரம் கிடைக்கிறதா, பிள்ளைகள் தொழிலுக்கு வருகிறார்களா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். கச்சேரி விமர்சனத்தில் வராத செய்தி அதில் இருக்கும்.

சரி, போனை எடுக்குமுன் அனுமதி கேட்டுவிடுங்கள். கடைசல் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம் பாட்காஸ்ட், ரீல்ஸ் எதற்கும் உதவும். (நான் அதை மறந்துவிட்டு மறுபடி பஸ் ஏறியவன்.) உலவு (உடல் குழல்), அணசு (அடியில் விரிந்த வாய்), சீவாளி (ஊதும் நாக்கு) என்று குறித்துக்கொண்ட பாகங்களின் பெயர்களை அவர்களிடமே படித்துக்காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.