பிடியைக் கழற்றாமல் ஆண்டைச் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, உள்ளே பொறித்திருந்த எண்ணை, தயாரித்த ஆண்டைக் காட்டும் வரிசை எண் என்று நம்பி, பெருமிதத்தோடு வாசித்துக் காட்டினார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் வாசித்தேன். தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்வது, துருவை உப்புத்தாளால் தேய்க்காமல் இருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள்ளே இருப்பது வரிசை எண் அல்ல

அமெரிக்கக் காவலர்கள் பல்லாண்டுகள் இடுப்பில் சுமந்தவை கோல்ட் நிறுவனத்தின் 'அஃபிஷியல் போலீஸ்', ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' ஆகிய ரிவால்வர்கள். கோல்ட்டில் சிலிண்டரைத் திறந்தால் துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் வரிசை எண் தெரியும். அதில் பழகிய கண் ஸ்மித்திலும் அங்கேயே தேடுகிறது. அங்கும் ஓர் எண் இருந்து தொலைக்கிறது. ஆனால் அது, தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் பாகங்கள் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்க அடித்த எண். பழைய ஸ்மித்தின் வரிசை எண் பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும்.

நான் வாங்கிய 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' துப்பாக்கியில் உள்ளே ஐந்து இலக்கம், பதினெட்டாயிரத்துச் சொச்சம். அந்த வகைக்கு 1899-இல் தொடங்கிய எண் வரிசையில் அது மிக முந்தைய எண் என்று மகிழ்ந்து, அதற்கேற்ற விலையையும் கொடுத்தேன். அடிப்பாகத்தை அகன்ற மரப்பிடி மூடியிருந்தது. ஒரே ஒரு திருகுதான். கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டில் கழற்றியபோது 'சி' எழுத்தோடு ஆறு இலக்கம் தெரிந்தது. 1948-இல் தொடங்கிய வரிசை அது!

எண்ணை விடுங்கள், குழலைப் பார்த்திருந்தாலே போதும். முதல் மாதிரியில் குழலின் அடியில், வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் உந்துகம்பியின் முனையைப் பூட்டும் முளை கிடையாது. அது 1902-இல்தான் வந்தது. என் கையில் இருந்ததில் அந்த முளை தெளிவாக இருந்தது. எண்ணும் உருவமும் முரண்பட்டால் உருவத்தை நம்புங்கள். அந்த ஏமாற்றம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

திருகுகளை எண்ணும்போது

ஸ்மித்தின் உடற்சட்டகத்தில் உள்ள திருகுகளும் காலத்தைக் காட்டும். நெடுங்காலம் ஐந்து. 1950-களின் நடுவில் நான்கு, 1960-களின் தொடக்கத்தில் மூன்று. ஒன்று பிடியின் அடியில் மறைந்திருக்கும். அதை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள் பலர்.

குழலில் உள்ள காப்புரிமைத் தேதி

தயாரித்த ஆண்டு அல்ல.

காவல்துறை முத்திரை

பின்னாளில் அடித்ததாகவும் இருக்கலாம். ஆவணம் இல்லாமல் அதற்கென்று ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

'வி' எழுத்துப் போர்க்காலத் துப்பாக்கிகள்

இரண்டாம் உலகப்போரில் செய்த, வரிசை எண் 'வி' எழுத்தில் தொடங்கும் 'விக்டரி' வகையில் பிரிட்டனுக்குப் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. போருக்குப் பின் பலவற்றின் அறைகளை, அதாவது சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைகளை, நீளமாகக் குடைந்து, அதைவிட நீளமான .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போடும்படி மாற்றினார்கள். அறை அந்தத் தோட்டாவைவிட அகலமானது என்பதால், சுட்ட வெற்றுக்கூடு வயிறு புடைத்து வெளியே வரும். துப்பாக்கி சோதிக்கப்பட்டது என்று பிரிட்டனில் அடித்த முத்திரையைக் கண்டால் ஒரு வெற்று ஸ்பெஷல் கூட்டை அறையில் இட்டுப் பாருங்கள். முழுதாக உள்ளே போனால், அது குடைந்தது.