எண்களே இல்லாத சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி?

2அ + 3 = 11 என்றால் தயங்காமல் 4 என்று விடை சொல்லும் மாணவர்கூட, எண்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரண்டிலும் செய்கிற வேலை ஒன்றுதான். எதனால் வகுக்கிறோம் என்பதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

தெரிந்த அளவுகளுக்கும் எழுத்து வைக்கும் முறையை 1591-இல் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் பிரான்சுவா வியெத். தெரியாததற்கு உயிரெழுத்து, தெரிந்ததற்கு மெய்யெழுத்து என்பது அவருடைய ஏற்பாடு. நாமும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்வோம்: தேடுவது அ, மற்றவை க, ச, ப, ம.

இரண்டு வாடகைக் கார்கள். முதல் காருக்கு அடிப்படைக் கட்டணம் க ரூபாய், கிலோமீட்டருக்கு ப ரூபாய். இரண்டாவதற்கு அடிப்படை ச, கிலோமீட்டருக்கு ம. எத்தனை கிலோமீட்டரில் இரண்டு கட்டணமும் சமமாகும்?

க + ப×அ = ச + ம×அ

முதல் படி: அ உள்ள உறுப்புகளை ஒரு பக்கம் சேர்க்கவும்.

ப×அ − ம×அ = ச − க

பலர் இதைச் செய்யாமல் நேரே ப-ஆல் வகுத்து, அ = (ச + ம×அ − க)/ப என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறார்கள். வலப்பக்கம் பாருங்கள், அ இன்னும் அங்கேயே இருக்கிறது. திருடனைப் பிடிக்கத் திருடனிடமே விலாசம் கேட்ட கதை இது.

இரண்டாம் படி: அ-வைப் பொதுக் காரணியாக வெளியே எடுக்கவும்.

அ×(ப − ம) = ச − க

மூன்றாம் படி: (ப − ம)-ஆல் வகுக்கவும்.

அ = (ச − க)/(ப − ம), ப ≠ ம

அந்த நிபந்தனையை வகுக்கும் அதே வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

எண்களை இட்டுச் சரிபார்ப்போம். க = 50, ப = 20, ச = 80, ம = 15 என்றால் அ = 30/5 = 6. ஆறு கிலோமீட்டருக்கு இரண்டு கார்களிலும் 170 ரூபாய்.

சரி, ப = ம ஆனால்? இரண்டு காருக்கும் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். முதலில் இருந்த 30 ரூபாய் வித்தியாசம் எவ்வளவு தூரம் போனாலும் குறையாது. சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை. அடிப்படைக் கட்டணமும் ஒன்றானால் எந்தத் தூரமும் தீர்வுதான்.

பயிற்சிக்குத் தனிவட்டிச் சூத்திரம்: வட்டி = அசல் × காலம் × வட்டிவீதம் / 100. இதில் காலத்தைத் தனியே பிரித்தெடுங்கள். அசல், வட்டிவீதம் இரண்டில் எதுவுமே பூச்சியமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வரவேண்டும். வட்டியில்லாக் கடனில் சேர்ந்த வட்டியைப் பார்த்து, கடன் வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று யாரால் சொல்ல முடியும்?